பாளையங்கோட்டை ஆங்கிலப் பகற்பள்ளி

திருநெல்வேலித் திருச்சபையின் கல்விப் பணியை ஆராய்வோர் கிராமப் பள்ளிகளையும் விடுதிப் பள்ளிகளையும் பற்றியே மிகுதியும் எழுதுவர். அது நியாயமே, சபைகள் அவற்றாலேயே வளர்ந்தன. ஆயினும் சர்ச் மிஷனெரி சங்கத்தார் 1844இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி வேறு இனத்தது. கிறிஸ்தவரல்லாத உயர்குல இல்லத்துப் பிள்ளைகளை நாடி ஏற்பட்ட பகற்பள்ளி அது. காலையில் வந்து ஆங்கிலமும் வேதபாடமும் கற்ற பிள்ளை, மாலையில் திருநீறு துலங்கும் தன் இல்லத்துக்கே திரும்பினான்.

அதன் தலைமையாசிரியர் வில்லியம் குருக்ஷாங்ஸ் கண்பார்வை அற்றவர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அப்பள்ளியை அவர் நடத்தினார். நூலைக் காண இயலாத ஆசிரியரின் வகுப்பு செவியையும் நினைவையும் கொண்டே நடந்திருக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் பயின்று வந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாய்த் தோன்றியிராது என்பது நம் எண்ணம்.

பெற்றோர் நாடியது ஆங்கிலம். அதன் வழியே கச்சேரி உத்தியோகம். மிஷனெரிமார் நாடியது ஆத்துமாக்கள். இரு சாராரும் ஒருவர் நோக்கத்தை மற்றவர் அறிந்தே இருந்தனர் எனலாம். 1847இல் திருவேங்கடம் என்னும் மாணவர் ஞானஸ்நானம் பெற்றபோது இந்த மௌன உடன்பாடு முறிந்தது. விடுதிப் பிள்ளைக்குத் திரும்பிச் செல்லும் இடம் விடுதியே. பகற்பள்ளிப் பிள்ளைக்கோ தாய் காத்திருக்கும் வீடு. அவ்வீட்டை இழந்த திருவேங்கடமே பிற்காலத்தில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராய் விளங்கிய கனம் டபிள்யூ. டி. சத்தியநாதன்.

சென்னையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை நீக்குமாறு பெற்றோர் வற்புறுத்த, அவர் மறுத்துவிட்டார், பலர் விலகினர். 1841இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளி ஏறத்தாழ வெறுமையாயிற்று. மறுவருடமே வேதபாடமில்லாத ஆங்கிலக் கல்வியைப் பச்சையப்பன் அறநிலையப் பள்ளி அளிக்கத் தொடங்கியது. ஆண்டர்சனின் பள்ளியோ அழியாமல் நின்று, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று.

மனமாற்றங்களின் தொகையைக் கொண்டே இத்தகைய பள்ளிகளை அளப்பது நம்மிடையே வழக்கம். நாம் வேறொன்றைக் கேட்க விரும்புகிறோம்: அந்த வாசல் யாருக்கு எட்டியது? பகற்பள்ளி என்றாலே நடந்து வரும் தொலைவிலுள்ள வீட்டுப் பிள்ளைக்கு உரியது. நாம் இதை எழுதும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு இன்று பேருந்தில் சென்று மாலைக்குள் மீளலாம். அந்நாளிலோ இருப்புப்பாதையும் இல்லை. தென்காசிப் பக்கத்துக்கு அது வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். இவ்வூர்ப் பிள்ளை ஒருவன் குருக்ஷாங்ஸிடம் பயில வேண்டுமாயின், நகரில் சோறிட்டு வைத்துக்கொள்ளும் உறவினர் வீடு ஒன்று வேண்டும். நிலமும் உத்தியோகமும் உடைய குடும்பங்களுக்கு அத்தகைய வீடு இருந்திருக்கும். அவர்கள் வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது ஏது?