கோகோ மூட்டையும் கானாவின் ஆட்சியும்

கானாவின் அரசியல் சரிவுக்கு அதன் முதல் அதிபர் குவாமே நிக்ரூமாவின் அதிகார ஆசையே காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான்; மீதிப் பாதி கோகோவில் இருக்கிறது. 1947-இல், நாடு கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் ஆங்கிலேயர் கையில் இருந்தபோதே, கோகோ சந்தை வாரியம் அமைக்கப்பட்டது. விளைச்சலை வாங்குவதும் வாரியம், விலை வைப்பதும் வாரியம். உலகச் சந்தையில் கிடைத்த கூடுதல் பணம் விவசாயியின் கைக்கு வரவில்லை. ஆக, ஆட்சியைப் பிடித்தவர் கையில் நாட்டின் கல்லாப்பெட்டி. 1954-இல் உலக விலை உச்சத்தில் இருந்தபோது, நிக்ரூமா அரசு 60 பவுண்டு எடையுள்ள மூட்டைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்டது. அதை எதிர்த்து அதே ஆண்டு குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் எழுந்தது.

அந்தப் பணத்தில்தானே பள்ளிகளும் தேமா துறைமுகமும் வந்தன என்று கேட்கலாம். வந்தன, மறுக்க முடியாது. ஆனால் காயை உடைத்து, விதையை வாழையிலையில் மூடிப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1958-இன் தடுப்புக்காவல் சட்டமும் 1964-இன் ஒரு கட்சி ஆட்சியும் நிக்ரூமாவின் குற்றங்களே. அவற்றை ஆங்கிலேயர் தலையில் கட்டக் கூடாது. எனினும் ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்ற வாதமும் நிற்கவில்லை. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் அவரைக் கவிழ்த்தது, வாரியத்தைக் கலைக்கவில்லை. இன்றும் கானா விவசாயியின் கோகோவுக்கு விலை வைப்பது அரசுதான்.