மருந்துக்குக் கேளாத கிருமி: மலாக்காவின் காய்கறிப் பாத்தியும் ஒரு சொல்லின் மயக்கமும்

'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால், தமிழ் பயின்றோர் மூன்று வகையாக விடை கூறுவர். நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தின் வேலை என்பர் சிலர். நுண்ணுயிரை நம் உடல் எதிர்த்து நிற்கும் ஆற்றல் என்பர் வேறு சிலர். மருந்தை நுண்ணுயிர் எதிர்த்து நிற்பது என்று கூறுவோர் மிகச் சிலராகவே இருப்பர். இலக்கணம் மூவரையும் தவறு என்று தள்ளாது. 'நுண்ணுயிரை எதிர்த்தல்' என விரித்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. 'நுண்ணுயிரினது எதிர்ப்பு' என விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு வரையான பொருள்களில் மயங்கும் என்று நன்னூலார் முன்னரே வகுத்துவிட்டார். செய்யுளில் அம்மயக்கத்தை நாம் நயமாகக் கொள்கிறோம். நோயும் மருந்தும் பற்றிய பாடத்தில் அது வந்து சேரும்போது நிலைமை வேறாகிறது.

மூன்றாம் பொருளின் வரலாற்றை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் அதனை மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறக் காய்கறிப் பாத்தியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமியின் கதையில் பெரும்பகுதி மண்ணிலும் எருவிலும் நீரிலும் நிகழ்ந்தது என்பதே காரணம்.

1896இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதல் முயற்சி. அடுத்துப் புக்கிட் அசஹானிலும், பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின; கடல் கடந்து வந்த தமிழர் லயங்களில் குடியேறினர். பால்மரத்தின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். லயத்தின் கொல்லைப்புறத்தை எழுதியோர் குறைவு. கத்தரியும் வெண்டையும் பாகலும் தண்டுக்கீரையும் அங்கேதான் விளைந்தன. வேலியோரத்தில் முருங்கை நின்றது. மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் கோழிக் கழிவும் எருவாயின. ஓடையிலோ கிணற்றிலோ மொண்ட நீரே பாத்திக்குப் பாய்ந்தது. துணி துவைத்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் பெரும்பாலும் அந்நீர்நிலையை அடுத்தேதான். கூலி போதாத குடும்பத்துக்கு அப்பாத்தி சோற்றுக்குத் துணையாயிற்று. அவ்வழியே நோயும் வந்தது.

நகரத்தின் நிலை வேறு. வாளிக் கழிப்பறைக் காலத்தில் மலாயா நகரங்களில் கழிவகற்றும் பணியைச் செய்தோருள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. மனிதக் கழிவு நகரத்தை அடுத்த சந்தைத் தோட்டங்களுக்கு எருவாகச் சென்றது; கீரையாகவும் வெள்ளரியாகவும் அதே நகரத்துக்குத் திரும்பி வந்தது. சீதபேதிக் கிருமிக்கும், டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சல் கிருமிக்கும் அதைவிட நேரான பாதை வேண்டுவதில்லை.

காய்கறியைக் குழம்பிலும் கூட்டிலும் கொதிக்க வைத்து உண்ணும் நம்மவர் வழக்கம் பெரும் காப்பாக இருந்தது. கிருமி என்னும் கருத்தே அறியாத காலத்திலும் அடுப்பு அதன் வேலையைச் செய்தது. ஆயினும் வெள்ளரிப் பிஞ்சைச் சமைப்பாரில்லை. புதினாத் துவையலும் கொத்தமல்லித் துவையலும் கொதிநிலை காண்பதில்லை. மலாய் அண்டை வீட்டார் உலாம் என்று பச்சையாகவே உண்ணும் இலைகளுள் பெகாகா ஒன்று. நம் வல்லாரையே அது. ஈரமான வாய்க்கால் ஓரத்தை விரும்பும் செடி. இலையில் ஒட்டிய கிருமியை ஒரு முறை நீரில் அலசி முற்றிலும் நீக்கிவிட முடியாது.

பாத்தி நீரால் என்ன நேரும் என்பதற்குத் தென்னமெரிக்கச் சான்று ஒன்றுண்டு. சிலி நாட்டின் சாந்தியாகோ நகரத்தை ஒட்டிய காய்கறி வயல்களுக்குத் தூய்மைப்படுத்தாத சாக்கடை நீரே நெடுங்காலம் பாய்ந்தது. அந்நகரில் டைபாய்டும் ஓயவில்லை. 1991இல் காலரா அச்சம் வந்தபோது அரசு அந்நீர்ப் பாசனத்தைத் தடை செய்தது. காலராவை எண்ணிச் செய்த செயலால் டைபாய்டும் வெகுவாகக் குறைந்தது.

இனி, மண்ணில் வாழும் கிருமி எல்லாம் கழிவிலிருந்து வந்ததன்று. மண்ணுக்கே உரியவையும் உள. அவற்றுள் ஒன்றன் வரலாற்றில் நம்மவர் பெயர் ஒன்று இருக்கிறது. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோயியல் அறிஞராக இருந்த ஆல்பிரட் விட்மோர், இறந்தோர் சிலரின் உடலைக் கூறாய்ந்தபோது அதுவரை எவரும் விவரிக்காத சீழ்க்கட்டிகளைக் கண்டார். அவரோடு உடனிருந்து ஆய்ந்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. 1912இல் இருவர் பெயராலும் அக்கண்டுபிடிப்பு வெளிவந்தது. பிற்காலத்தில் 'விட்மோர் நோய்' என்றே உலகம் அதனை அழைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் அத்தொடரில் இடம்பெறவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டனும் பிளெட்சரும் 1921இல் அதற்கு 'மெலியாய்டோசிஸ்' என்று பெயரிட்டனர். கழுதைக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், 'போன்றது' எனப் பொருள்படும் சொல்லும் சேர்ந்த பெயர் அது. மலாயாவில் கண்டவற்றைத் தொகுத்து அவர்கள் 1932இல் தனிநூலே வெளியிட்டனர்.

எலி வழியாகப் பரவுகிறது என்று அக்காலத்தில் கருதப்பட்ட அக்கிருமி ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் இயல்பாக வாழ்வது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெறுங்காலோடு பாத்தியில் இறங்குவோரின் சிறு புண் அதற்கு வாயில். நீரிழிவு உள்ளவரை அது கடுமையாகத் தாக்கும். மலேசிய இனத்தவருள் நீரிழிவு மிகுந்திருப்பது இந்தியரிடையே என்பதால், ஓய்வுக்குப் பின் கொல்லையில் கத்தரி நடும் நம் வயதினர் இதனை அறிந்திருப்பது நன்று. காலணி அணிந்து பாத்தியில் இறங்குவது அதனினும் நன்று. இங்கு நம் கதைக்கு வேண்டிய செய்தி மற்றொன்று. பெனிசிலின் மருந்து இக்கிருமியை ஒன்றும் செய்யாது. எவரும் மருந்தைத் தவறாக உண்டதால் அது அவ்வாறு ஆகவில்லை. மண்ணில் உயிர்கள் ஒன்றையொன்று கொல்ல நஞ்சு சுரப்பதும், அந்நஞ்சைத் தாங்கப் பழகுவதும் மனிதன் தோன்றுமுன்பே நடந்து வருபவை. நாம் மருந்து என்று கொண்டாடுபவற்றுள் பல அந்நஞ்சுகளே.

அவ்வாறு மண் தந்த மருந்துகளுள் ஒன்று குளோராம்பெனிக்கால். வெனிசுவேலா நாட்டின் கராக்கசு நகரத்தருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து 1947இல் அது கிடைத்தது. அடுத்த ஆண்டு உட்வர்ட், ஸ்மேடல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் அதனைக் கோலாலம்பூருக்குக் கொண்டு வந்தனர். புதர்க்காடுகளில் உண்ணி வகையால் பரவும் ஒருவகைக் காய்ச்சலுக்கு அதனைக் கொடுத்துப் பார்ப்பதே நோக்கம். அவ்வேளையில் டைபாய்டு கண்டோருக்கும் அது கொடுக்கப்பட்டது. வாரக்கணக்கில் எரியும் காய்ச்சல் சில நாள்களில் தணிந்தது. பத்து நோயாளரைப் பற்றிய அம்முதல் அறிக்கையில் கையொப்பமிட்டோருள் மன்கிகர் என்னும் இந்திய மருத்துவரும் ஒருவர். கொயினாவும் விளக்கெண்ணெயுமே கைம்மருந்தாக இருந்த தோட்டத்து 'டிரசர்' காலம் முடியத் தொடங்கியது. டைபாய்டை வென்ற முதல் மருந்து தன் ஆற்றலைக் காட்டிய இடம் நம் மலாயா என்பதைப் பாடநூல்கள் சொல்வது அரிது.

அவ்வெற்றி இருபத்து நான்கு ஆண்டுகளே ஐயமின்றி நின்றது. 1972இல் மெக்சிக்கோவிலும், அதே ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. எவ்வாறு அடங்காமற் போயிற்று என்பதற்கான திறவுகோல் 1959இலேயே ஜப்பானில் கிடைத்திருந்தது. சீதபேதிக் கிருமியும் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரும் மருந்தைத் தாங்கும் பண்பைத் தமக்குள் கைமாற்றிக் கொள்கின்றன என்று ஓச்சியாய், அக்கிபா ஆகியோர் காட்டினர். அப்பண்பைச் சுமக்கும் மரபணுக்கள் சிறு வளையமொன்றில் இருந்து, ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குத் தாவும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்துப் போலன்றி, அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கும் பண்டம் போல என்று மாணவருக்குச் சொல்லலாம்.

இவ்விடத்தில் நம் கதை மீண்டும் காய்கறிப் பாத்திக்கு வருகிறது. எருவில் உள்ள நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் அவை இரவல் கொடுக்கக் கூடியவை.

இரவல் கொடுக்கும் பண்டம் எருவுக்குள் எப்படி வந்தது? கோழித் தீவனத்தில் சிறிதளவு ஆரியோமைசின் சேர்ந்தால் குஞ்சுகள் விரைந்து வளர்கின்றன என்று அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் ஆகியோர் 1940களின் இறுதியில் கண்டனர். நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் நாள்தோறும் மருந்து என்னும் வழக்கம் உலகெங்கும் பரவியது. கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்து அதற்குப் பயிற்சிக்கூடம் ஆகிவிடுகிறது. 1969இல் பிரிட்டனில் ஸ்வான் குழு இதனைக் கண்டித்து அறிக்கை தந்தது. கேட்டவர் சிலர், கேளாதவர் பலர்.

கொலிஸ்டின் என்னும் மருந்தின் கதை இதன் முடிவை நம் காலத்துக்கே கொண்டு வருகிறது. சிறுநீரகத்துக்குக் கேடு செய்வதால் மருத்துவர்கள் ஒதுக்கி வைத்த பழைய மருந்து அது. பிற மருந்துகள் தோற்றபோது இறுதிக் காப்பாக அதனை மீண்டும் எடுத்தனர். ஆனால் இடைக்காலம் முழுதும் அது விலங்குப் பண்ணைகளில் புழங்கிக் கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினைத் தாங்கும் பண்பை இரவல் கொடுக்கவல்ல மரபணு ஒன்றைப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிடத்தும் கண்டதாக அறிவித்தனர். விரைவிலேயே மலேசியாவில் முன்பு சேமித்து வைத்திருந்த கிருமிகளிலும் அது காணப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மலேசியா தடை செய்தது.

பழைய லயத்துப் பாத்திக்கும் இன்றைய பாத்திக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. அன்று எரு கொடுத்த கோழி மருந்தை அறியாதது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், சிறு நிலத்தில் காய்கறி இடுவோர் பெரும்பண்ணைக் கோழி எருவை மூட்டையாக வாங்குகின்றனர். எருவைக் குவித்து, உட்புறம் 55 பாகை வெப்பத்துக்குமேல் சில நாள்கள் நிற்குமாறு புரட்டி மக்க வைத்தால் கிருமிகள் பெரும்பாலும் மடியும். ஈரமாக அள்ளி வேரடியில் போட்டால் மடியா.

பச்சையாக உண்பதன் இடரையும் மருந்துக்கு அடங்காமையையும் ஒருசேரக் காட்டியது 2011இல் ஜெர்மனியில் நிகழ்ந்த கேடு. 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரி மீது பழி விழுந்து, அந்நாட்டு உழவர் பெருநட்டம் அடைந்தனர். பின்னரே முளைகட்டிய வெந்தயம் காரணம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த விதை என்று தடம் கண்டனர். அக்கிருமி பல மருந்துகளைத் தாங்கும் ஈ.கோலை வகை. முளைகட்டும் இளஞ்சூடும் ஈரமும் விதைக்கு எவ்வளவு இதமோ அவ்வளவு கிருமிக்கும் இதம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 2015இல் உலக நலவாழ்வு அமைப்பு 12 நாடுகளில் பத்தாயிரம் பேர் அளவில் வினவியபோது, 76 விழுக்காட்டினர் மருந்தை எதிர்ப்பது தம் உடல்தான் என்று கருதினர். அந்நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. எனவே இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் தமிழில் அது வளர மண் நன்றாகவே பதப்பட்டிருக்கிறது. 'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்பது உடலின் நற்பண்பாக நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. அதே 'எதிர்ப்பு' கிருமியின் தீப்பண்புக்கும் வந்தபோது கேட்போர் பழைய பொருளையே கொள்கின்றனர். மலாய் மொழி இங்குத் தெளிவாக நடந்து கொண்டது: உடலுக்குக் 'கெஇமூனான்', கிருமிக்குக் 'கெரிந்தாங்ஙான்' என இரு வேறு வேர்கள். இடைநிலைப் பள்ளியில் மலாயில் அறிவியல் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு புரிந்திருக்கும். வீட்டில் தமிழில் சொல்ல முயலும்போது குழம்பும்.

எதிர்ப்பது உடல் என்று கருதுபவர், அது தம்மோடு முடியும் செய்தி என்றே எண்ணுவார். பாதி மருந்தை மிச்சம் வைப்பார். பண்ணைத் தீவனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார். எதிர்ப்பது கிருமி என்று அறிந்தவருக்கோ, தம் குடலில் வளர்ந்தது அண்டை வீட்டுக் குழந்தையைச் சேரும் என்பதும், பண்ணையில் வளர்ந்தது தம் தட்டுக்கு வரும் என்பதும் விளங்கும்.

புதுச்சொல் ஆக்குவோர் தவறவிட்ட வழக்கொன்று நம் பெண்டிர் வாயில் இன்றும் இருக்கிறது. 'இந்தக் காய்ச்சல் எந்த மருந்துக்கும் கேக்கலே' என்பர். அவ்வாக்கியத்தில் எழுவாய் உடலன்று, காய்ச்சல். பணிய மறுப்பது யார் என்பதில் ஐயமே இல்லை. ஆதலால் 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்னும் தொடருக்கு மாற்றாக 'மருந்துக்குக் கேளாமை' என்பதை வகுப்பறையில் பழகிப் பார்க்குமாறு ஆசிரியர்களிடம் முன்வைக்கிறோம். 'கேளாமை' என்றதும் செவிப்புலன் குறையை நினைப்பாரே என்று நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். தடை நியாயமானதே. 'மருந்து கேளாமை' என்று தொகையாகச் சுருக்கினால் மருந்தை வேண்டாமை என்றும் பொருள்பட்டு, நன்னூலார் சொன்ன மயக்கம் மீண்டும் வரும். நான்காம் வேற்றுமை உருபை விடாது 'மருந்துக்குக் கேளாமை' என்றே எழுதினால் இரண்டுக்கும் இடமில்லை.