திருமழபாடிச் சாசனமும் திருப்பணி முறையும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் விளங்கும் பழம்பதி திருமழபாடி. மூவர் பாடலும் பெற்றது. அங்கு எழுந்தருளியுள்ள வைத்தியநாதப் பெருமானின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கல்லால் புதிதாக எடுப்பிக்குமாறு முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், கி. பி. 1013 அளவில், ஆணையிட்டான். கோயில் எடுப்பித்த மன்னர் பலர். அவ்வாணையின் மற்றொரு பகுதியே தனிச் சிறப்புடையது. பழைய சுவர்களைப் பிரிக்கும் முன்னர், அவற்றிலிருந்த கல்வெட்டுக்களையெல்லாம் ஏட்டில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

இதன் அருமை எளிதில் விளங்குவதன்று. அந்நாளில் கோயிற் சுவரே ஊர்ப் பதிவேடு. நுந்தா விளக்குக்கு விட்ட ஆடுகள், திருவமுதுக்கு அளந்த நெல், தேவதான நிலத்தின் நான்கெல்லை அனைத்தும் அங்கேயே பொறிக்கப்பட்டன. எழுத்துள்ள கல் இடம் மாறி, எழுதிய முகம் உட்புறமாகச் சுவரில் ஏறிவிட்டால், பெருமானுக்குரிய நிலத்திற்கும் சான்று இல்லாமற் போகும். ஈந்தவன் பெயரும் மறையும்.

1014ஆம் ஆண்டில் இராசராசன் மறைந்தான். ஆயினும் ஏடு அழியவில்லை. அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 அளவில், அப்பழஞ் சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. பதின்மூன்று ஆண்டுகள் ஓர் ஏட்டைப் பேணிக் காத்தனர் என்பதை எண்ணுக!

இவ்வழக்கம் சோழர் குலத்தில் முன்னரே உண்டு. கண்டராதித்தர் தேவியாரும் உத்தம சோழனின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவைக் கற்றளியாக்கியபோது, பல்லவர் காலத்துச் சாசனங்களையும் படியெடுத்துப் பொறிப்பித்தார். வேற்றுக் குலத்து அரசர் செய்த அறமாயிற்றே என்று அவ்வம்மையார் அதனைத் தள்ளவில்லை.

இக்காலத் திருப்பணியில் பக்திக்குக் குறைவில்லை. பொறுமைதான் சில இடங்களில் குறைகின்றது. தளத்திற்குப் பளபளப்பான கல் பரப்பும் ஆர்வத்தில் அதிட்டானத்தின் எழுத்து வரிகள் தரைக்குள் புதைந்துவிடுகின்றன. பெரிய கட்டுமானத்திற்கே ஆராய்ச்சியாளர் வேண்டும், சிறு பள்ளத்திற்கு வேண்டுவதில்லை என்று கருதுவோரும் உண்டு. சீகாழிச் செய்தி அவர்களுக்குத் தக்க விடை. அங்குச் சட்டைநாதர் திருக்கோயிலில் குடமுழுக்கின் பொருட்டு யாகசாலைக்காக 16-4-2023 அன்று மண் தோண்டினர். வெட்டியது ஒரு சிறு பள்ளமே. அதிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கு மேலும் வெளிப்பட்டன. ஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த தலத்தில், அவர் திருப்பதிகங்களே மண்ணுக்குள் காத்திருந்தன! தோண்டியது இயந்திரம் என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது.

மண்ணுள் மறைந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம் விதித்தது. அது கண்டெடுத்த பின்னர்ச் செய்யும் கடமை. மழபாடியில் இராசராசன் விதித்ததோ, கல்லைத் தொடுவதற்கு முன்னர்ச் செய்யும் பணி. கல்லெழுத்தை மைப்படி எடுத்தல், நிழற்படம் பிடித்தல், தொல்லியல் அறிந்தாரை அருகில் நிறுத்தி மண்ணைக் கையால் மெல்ல அகழ்தல் ஆகியன அப்பணியின் இக்கால வடிவம். இதற்குச் சில நாட்களே செல்லும். சீகாழியில் அத்தனை திருமேனிகள் வெளிப்பட்ட பின்னரும், ஆறு வாரங்களுக்குள், 24-5-2023 அன்று குடமுழுக்கு இனிதே நிறைவேறியது.