மண்ணுன்னா பொம்மை, வெண்கலம்னா சிலையா?



நவராத்திரி வந்தால் கொலுப்படியில் குழலூதும் கண்ணனை வைக்கிறோம். மண்ணில் செய்ததென்றால் அதைப் ‘பொம்மை’ என்கிறோம். அதே கண்ணன், அதே குழல், வெண்கலத்தில் வார்த்திருந்தால் ‘சிலை’. பொம்மைக்கு, “அம்பது ரூபா கொறைச்சிக் குடும்மா”ன்னு பேரம் பேசுவோம். சிலைன்னா, “எந்தக் காலத்துதுங்க, எத்தனை கிலோ?”ன்னு மரியாதையா கேட்போம். உருவம் ஒண்ணுதான். மாறினது செய்த பொருள் மட்டுமே.

களிமண்ணிலும் காகிதக்கூழிலும் துணியிலும் பனை ஓலையிலும் கை வைத்துச் சம்பாதிக்கிற குழுப் பெண்களுக்கு இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. நம்ம விலையும் கூலியும் இந்தப் பேரை நம்பித்தான் இருக்கு. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். நம்ம பேட்டைக்கே கல்மண்டபம்னு, செய்த பொருளை வச்சுத்தானே பேரு!

சாமி, சிலை ஆன கதை

வடமொழியில் ‘சிலா’ என்றால் கல். கல்லில் செதுக்கியதற்குத்தான் சிலை என்ற சொல் முதலில் பொருந்தும். கோயிலில் வீதியுலா வரும் உலோக உருவத்துக்குச் ‘செப்புத் திருமேனி’ என்பது பழைய பேர். நாம ‘உற்சவர்’ என்கிறோம். பட்டும் பூவும் சந்தனமுமாக அவர் தெருவில் வரும்போது “சாமி வருது”ன்னுதான் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். “சிலை வருது”ன்னு யாரும் சொல்ல மாட்டோம். கோயிலை விட்டு வெளியே போன பிறகுதான் அந்தப் பேர் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அது வெளியே போன வழிகளில் ஒன்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணுக்கடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆபத்துக் காலங்களில் பாதுகாப்புக்காகப் புதைத்து வைத்த திருமேனிகள் பல, பின்னாளில் நிலத்தைத் தோண்டும்போது வெளிவந்தன. அவற்றில் பல, 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நம்ம பக்கத்து மாவட்டத்துத் திருவாலங்காட்டு நடராசர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய புகைப்படங்களைப் பார்த்து வியந்து, பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோதான் 1913-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அது 1921-ல் அச்சானது. அவர் பார்த்தது பட்டும் பூவும் இல்லாத நடராசரை. உலோகத்தின் மேல் ஒளியும் நிழலும் விழுகிற அழகில்தான் அவர் மயங்கினார்.

சேகரிப்பவர்களின் கண் அப்படித்தான் பழகியது. நாம வீட்டுப் பித்தளையைப் புளி போட்டுப் பளபளன்னு தேய்ப்போம். சேகரிப்பவரோ மேலே படிந்த பச்சைக் களிம்பைத் தொடவே விட மாட்டார். அந்தக் களிம்புதான் அவருக்கு வயசுச் சான்றிதழ்! நீடித்து நிற்பது, பழையது, கனமானது, இவைதான் அவர் போடுகிற மார்க். இந்தப் பரீட்சையில் மண் எப்படி பாஸாகும்?

வெண்கலத்துக்கும் தாய் மண்தான்

ஆனால் சுவாமிமலையில் சிலை செய்கிற முறையைக் கேளுங்கள். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து மெழுகில் ஓர் உருவம் பிடிக்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால் உள்ளே திருமேனி. அதாவது, மெழுகுப் பொம்மை ஒன்றும் மண் கூடு ஒன்றும் தங்களை அழித்துக்கொண்ட பிறகுதான் ஒரு வெண்கலச் சிலை பிறக்கிறது. பேர் மட்டும் வெண்கலத்துக்கு.

அந்த மண் கோர்ட்டுக்கும் உதவியிருக்கிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில், 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டியபோது ஒரு நடராசர் கிடைத்தார். அவர் கைமாறிக் கைமாறி லண்டன் வரைக்கும் போய்விட்டார். 1982-ல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. லண்டன் போலீஸ் பறிமுதல் செய்தது. வழக்கு நடந்தபோது நடராசர் மேல் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும், அதே ஊரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். 1988-ல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்து, 1991-ல் நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். வாங்கியவர்கள் பார்த்தது உலோகத்தை. ஊரைக் காட்டிக்கொடுத்தது மண்!

மண்ணுக்கும் ஒரு காலம் வந்தது

மண்ணை யாருமே சேகரிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கிரேக்க நாட்டில் தனாக்ரா என்ற ஊர்க் கல்லறைகளில் 1870-களில் சின்னச் சின்னச் சுடுமண் பெண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. முக்காடிட்டவள், விசிறி பிடித்தவள் என்று எல்லாம் சாதாரணப் பெண்கள். ஐரோப்பியப் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கிராக்கி ஏறிப்போய்ப் போலிகளும் கிளம்பின. 1968-ல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற கலை அறிஞர், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இந்தியக் கிராமத்து, பழங்குடி வழிபாட்டுக் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார். மண் குதிரைகளும் கலைப்பொருளாக அங்கே நின்றன. மண் மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியது.

நமக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதும் இல்லை. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் புற்று மண்ணாலான சாமி. வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் காட்சி தருகிறார். அன்றைக்கு நிற்கிற கூட்டத்தில் யாராவது “மண்ணுதானே”ன்னு சொல்வார்களா? ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட மூலவரும் சுதையால் ஆனவர்தான். அதனால்தான் அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் இல்லாமல் தைலக்காப்பு.

விநாயகர் சதுர்த்தியையும் நினைத்துப் பாருங்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலில் கரைக்கிறோம். அங்கே நீடித்து நிற்கிற பொருள்தான் தொந்தரவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் சரியாகக் கரையாமல் கடலைக் கெடுக்கிறார் என்றுதான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் அதைத் தடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டது. கரைவது களிமண்ணின் குறை இல்லை. அதன் வேலையே அதுதான்.

பேர் வைப்பவர் யார்?

துறைமுகத்துக்காரங்களான நமக்குப் புரிகிற ஒரு கதை. 1926-ல் சிற்பி பிரான்குசி செய்த ‘பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. பார்த்தால் பறவை மாதிரியே இல்லை. இது கலை இல்லை, உலோகச் சாமான் என்று சொல்லி 40 சதவீத வரி போட்டார்கள் சுங்க அதிகாரிகள். கலைப்பொருள் என்று 1928-ல்தான் கோர்ட் சொன்னது. வெண்கலமாகவே இருந்தாலும், எந்தப் பட்டியலில் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

நம் பக்கத்துப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. சுவாமிமலை வெண்கலச் சிலைக்கும் புவிசார் குறியீடு உண்டு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் உண்டு. சட்டத்தின் முன்னால் சிலையும் பொம்மையும் ஒரே பெஞ்சில்தான்.

நாம செய்ய வேண்டியது

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராசராசனின் அக்கா குந்தவை கொடுத்த செப்புத் திருமேனிகளின் கணக்கு இருக்கிறது. எந்தத் திருமேனி, எத்தனை விரல் உயரம், யார் கொடுத்தது, என்னென்ன நகை என்று வரி வரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்தும் கொடுத்த பெண்ணின் பேர் நமக்குத் தெரிகிறது. வார்த்த கைகளின் பேர்தான் அந்தக் கணக்கில் இல்லை.

கொசப்பேட்டையிலும் காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் பொம்மை செய்கிற வீடுகளில் மண் பிசைவதும், வர்ணம் பூசுவதும், கண் திறப்பதும் எத்தனையோ பெண்களின் கைகள். பொம்மை உடைந்தால் அந்த வேலையின் தடமும் போய்விடுகிறது. மண்ணை வெண்கலமாக்க நம்மால் முடியாது. எழுதி வைக்க முடியும். பதிவேடும் தீர்மானப் புத்தகமும் எழுதிப் பழகின கைதானே நம்ம கை!

பொம்மை செய்கிற ஒவ்வொரு குழுவும் இந்த நாலு காரியத்தைச் செய்யலாம்:

1. பொம்மை ஈரமாக இருக்கும்போதே அடிப்பாகத்தில் செய்தவர் பேர், குழுவின் பேர், வருஷம் மூன்றையும் கீறி விடுங்கள். துணி, ஓலை என்றால் சின்ன அட்டை தைத்து விடுங்கள்.

2. மாதிரிக்கு ஒன்றைப் போட்டோ எடுத்து, உயரம், எடை, என்ன மண், என்ன வர்ணம் என்று தனி நோட்டில் எழுதுங்கள். அச்சு யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

3. வீட்டுப் பரணில் பாட்டி காலத்து மரப்பாச்சியோ மண் பொம்மையோ இருந்தால் பழைய சாமானோடு எடைக்குப் போடாதீர்கள். யார் வீட்டுச் சீர், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று பெரியவங்களைக் கேட்டு எழுதி, கூடவே கட்டி வையுங்கள்.

4. கண்காட்சியில் கடை போடும்போது விலை அட்டையில் ‘களிமண் பொம்மை’ என்று மட்டும் எழுதாமல், எத்தனை நாள் வேலை, எத்தனை பேர் கை பட்டது என்பதையும் எழுதுங்கள்.

அடுத்த நவராத்திரிக்கு ஒருத்தர் நம்ம பொம்மையைக் கையில் எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, அடியில் இருக்கிற பேரைப் படிக்கட்டும். அப்புறம் பேரம் பேசட்டும்.