சைம்ஸ்: தேவாலயம் மண்டபமான கதை

மாணவர்களே, விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள சைம்ஸ் வளாகத்துக்குச் சாப்பிடப் போயிருப்பீங்க. அந்தப் பெயரே ஒரு பள்ளியின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்தது தெரியுமா?

1854இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்கே மடமும் பெண்கள் பள்ளியும் தொடங்கினார்கள். வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சிளங்குழந்தைகளை மடத்தின் பக்கவாட்டு வாசலில் விட்டுச் சென்றார்கள். சகோதரிகள் அவர்களை எடுத்து வளர்த்தார்கள். அருட்தந்தை நெய்ன் வடிவமைத்த தேவாலயம் 1904இல் எழுந்தது.

1983இல் பள்ளி தோ பாயோவுக்கு இடம் மாறியது. 1990இல் தேவாலயமும், அதைவிடப் பழைய கால்டுவெல் இல்லமும் தேசிய நினைவுச்சின்னங்களாயின. (இவர் நம் கால்டுவெல் ஐயர் இல்லை, குழப்பிக்காதீங்க; நீதிமன்ற எழுத்தர்.) புதுப்பித்த வளாகம் 1996இல் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கின்றன, வழிபாடு இல்லை. தேவாலயம் இப்போது திருமண, இசை மண்டபம்.

இது பாதுகாப்பா, இழப்பா? கருத்துக் கட்டுரையில் இரண்டையும் எழுதுங்கள். பயன்பாட்டில் இருப்பதால்தான் கட்டடம் பராமரிக்கப்படுகிறது. ஆனால் நினைவு தானாக நிலைக்காது. யாராவது சொல்ல வேண்டும். அந்தப் பக்கவாட்டு வாசல் இன்றும் இருக்கிறது. அடுத்த முறை சாப்பிடப் போகும்போது அங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்க.