கல்லூரிச் சாலையில் ஓர் ஆட்சிப் பாடம்

பொது நிர்வாகவியல் பாடநூல் எதைப் புரட்டினாலும் முதல் அத்தியாயத்திலேயே உட்ரோ வில்சன் வந்துவிடுவார். 1887இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் இந்தத் துறையே பிறந்தது என்று நானும் படித்தேன், வகுப்பிலும் சொல்கிறேன். ஆனால் சென்னையில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர் நுங்கம்பாக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டி.பி.ஐ. என்று அழைக்கப்பட்டுவந்த பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்கு எதிரே ஓடும் கல்லூரிச் சாலை, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியால் பெயர் பெற்றது.

அந்தக் கல்லூரி 1812இல் தொடங்கியது. அதற்கு முன்நின்றவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ். இங்கிலாந்தின் ஹெய்லிபரிக் கல்லூரியில் பொருளியல் அறிஞர் மால்தூஸிடம் அரசியல் பொருளாதாரம் கேட்டுவிட்டுக் கப்பலேறிய கிழக்கிந்தியக் கம்பெனி இளைஞர்கள் இங்கே வந்து தமிழும் தெலுங்கும் படித்தார்கள். தேர்வில் தேறினால் படித்தொகை உயரும். தமிழ்ப் பக்கம் புலவர் தாண்டவராய முதலியார் இருந்தார். நம்மவர்களுக்கும் அங்கே சட்டம் கற்பித்தார்கள்.

என் மனம் நிற்பது 1818இல் வெளிவந்த மிராசு உரிமை (பரம்பரை நில உரிமை) அறிக்கையில். காணி யாருக்குச் சொந்தம், அதில் வரி எப்படி விதிப்பது என்று அரசு தடுமாறிய காலம் அது. அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எல்லிஸ் பதில் எழுதினார். அவருடைய சிரஸ்தார் (தலைமை இந்திய அலுவலர்) சங்கரய்யாவின் அறிவில்லாமல் அது நடந்திருக்காது. உள்ளூரிலேயே குடியிருந்து பயிரிடும் உள்குடி யார், வெளியிலிருந்து வந்து பயிரிடும் பரகுடி யார், மிராசுதாரருக்கு விளைச்சலில் என்ன சுதந்திரம் (உரிமைப் பங்கு) என்று ஊர் வழக்கத்துக்குள்ளேயே போய்த் தேடினார்கள். நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்த பண்ணையாட்களின் நிலையும் அதில் பதிவானது. எல்லாம் கம்பெனிக்கு வரி வாங்கத்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரு கொள்கை ஆவணம் எப்படி உருவாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை என்பது பெரிய வருத்தம்.

எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு மன்றோ சென்னை கவர்னராக வந்ததும் ஒவ்வொரு ரயத்தோடும் (உழவரோடும்) நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறையே நிலைத்தது. கல்லூரியும் 1854இல் மூடப்பட்டது.

அந்த அறிக்கையின் வழியிலேயே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். சொந்த ஊருக்குப் போய் நாலு பேரிடம் கேட்டுவர வேண்டும்: ஏரித் தண்ணீர் முதலில் எந்த வயலுக்குப் பாய்கிறது, புறம்போக்கில் மாடு மேய்க்க யாருக்கு உரிமை, பட்டா ஒருவர் பெயரிலும் உழவு இன்னொருவர் கையிலும் இருக்கும் நிலம் எத்தனை. வில்சனை அதற்கு அடுத்த வாரம் தொடங்குகிறேன்.