சேவைக்கு ஆள் எடுப்பது எப்படி?

தொண்டு நிறுவனங்களில் இண்டர்ன்ஷிப்புக்கு இண்டர்வியூ போகிற எங்க ஆம்பூர்ப் பசங்க என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, என்ன கேப்பாங்க?" இதுக்கு நூறு வருஷப் பதில் பக்கத்து வேலூரிலேயே இருக்கு மக்களே.

ஐடா ஸ்கட்டர் பிறந்தது 1870-ல், நம்ம ராணிப்பேட்டையில். அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வந்தார். வீட்டுப் பெண்களை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று பலர் மறுத்த காலம் அது. பிரசவத்தில் உயிர் போனாலும் சரி என்று இருந்தார்கள். ஒரு அம்மா எத்தனை வீட்டுக்குத்தான் ஓட முடியும்? அதனால் 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். 1922-ல் முதல் செட் 14 பேர் தேறினார்கள். 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். இன்றைய சி.எம்.சி. அதுதான்.

அங்கே பல வருஷம் ஆள் எடுத்த விதம் கொஞ்சம் வேற. எழுத்துத் தேர்வில் மார்க் வாங்கினால் மட்டும் போதாது. வேலூருக்கு வரவழைத்து, சில நாள் தங்க வைத்து, நேர்முகம், குழுவாகச் செய்கிற வேலைகள் என்று ஆளையே பார்ப்பார்கள். மிஷன் சிபாரிசில் சேர்ந்தவர்கள் படிப்பு முடிந்ததும் 2 வருஷம் வசதியில்லாத இடத்து மருத்துவமனையில் வேலை செய்யணும். சுருக்கமா சொன்னா, "உனக்கு என்ன தெரியும்?" என்பதோடு "நீ அங்கே இருப்பியா?" என்பதும் கேள்வி.

சேவை என்றால் டாக்டர் மட்டும்தானா? இல்லை. 1946-ல் வேலூர் வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால் சிதைவது சதை தானா அழுகுவதால் இல்லை, உணர்ச்சி போய் காயம்பட்டதே தெரியாததால்தான் என்று காட்டினார். அப்போ ஆபரேஷன் மட்டும் போதுமா? பாதத்தைக் காக்கிற செருப்பும் வேணும். 1955-ல் தொடங்கிய கரிகிரி மையத்தில் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு தைப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். தோல் ஊர்க்காரனான எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

சரி, இண்டர்வியூவில் பாரபட்சம் வராதா? வரலாம். நல்லா பேசுறவன் ஜெயிச்சிடுவான், கூச்சப்படுற பிள்ளை தோத்துடும். நீட் வந்தபோது, 2017-ல் சி.எம்.சி. 100 எம்.பி.பி.எஸ். இடத்தில் ஒருவரை மட்டும் சேர்த்து 99-ஐக் காலியாக விட்டது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்கிற நியாயம் எனக்குப் புரியுது. ஆனா அந்த அளவுகோலில் "இருப்பியா?" என்பதற்கு மார்க் கிடையாது.

என் கணக்குப்படி, மனசை அரைமணி நேரப் பேச்சிலும் அளக்க முடியாது, கொஸ்டின் பேப்பரிலும் அளக்க முடியாது. அந்த 2 வருஷ வேலைதான் நிஜமான இண்டர்வியூ. இண்டர்ன்ஷிப்பும் அப்படித்தான். உள்ளே போன பிறகுதான் பரீட்சையே ஆரம்பம்.

நீங்க என்ன நினைக்கறீங்க?